மூன்று மாம்பழம், ஒரு சிட்டிகை உப்பு

மே மாதம் மூன்றாவது வாரம். ராத்திரி ஒன்பது மணிக்குச் சேலத்திலிருந்து பெரியம்மா போன் செய்தார். "பழம் பஸ்ஸுல போட்டு விட்டிருக்கேன் கண்ணு. காலையில வந்துரும். டிரைவர் நம்பர எழுதிக்க." அவ்வளவுதான். எத்தனை கிலோ, என்ன பழம், இதெல்லாம் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

காலையில் போய் வாங்கினால், ரெண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய அட்டைப்பெட்டி. நூல் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, மேலே மார்க்கர் பேனாவில் என் பெயர். பிரித்தால் மேல் வரிசையில் வைக்கோல், கீழே பழைய தினசரியில் சுருட்டிய பழங்கள். பங்கனபள்ளி, செந்தூரா, ஓரத்தில் நாலு கிளிமூக்கு. எல்லாம் செங்காய்ப் பதம். வீட்டில் நாங்கள் நாலே பேர்.

மாம்பழத்திடம் ஒரு குணம் உண்டு. மூன்று நாள் கல்லுமாதிரி உட்கார்ந்திருக்கும். நாலாம் நாள் விடிந்து பார்த்தால் பெட்டி மொத்தமும் ஒரே சமயத்தில் பழுத்து நிற்கும். ஒரு பழம் பழுக்கும்போது விடுகிற எத்திலீன் வாயு பக்கத்துப் பழத்தையும் உசுப்பிவிடுகிறது. நம் வீடுகளில் அரிசி மூட்டைக்குள் மாங்காயைப் புதைத்து வைத்ததற்கும், வைக்கோலில் பொதிந்ததற்கும் காரணம் அதுதான். வாயு வெளியே ஓடாமல் காயைச் சுற்றியே நிற்கும். கடைசியில் சாப்பிட்டு முடிக்க முடியாது, தூக்கிப் போட மனசு வராது. அப்போதுதான் சாஸ் செய்து வைத்துவிடலாம் என்று தோன்றியது. ஐஸ்கிரீம் மேல் ஊற்ற, தயிரில் கலக்க, பிள்ளைகள் தோசைக்குத் தொட்டுக்கொள்ள.

முதல் தடவை செய்தது எப்படி என்று சொல்லிவிடுகிறேன், அது ஒரு பாடம். ஒன்றரைக் கிலோ பழத்தை அரிந்தேன், மிக்ஸியில் போட்டு அடித்தேன், ஒரு டம்ளர் சர்க்கரை கொட்டி அடுப்பில் ஏற்றினேன். கெட்டியாக வேண்டுமே என்று இருபத்தைந்து நிமிஷம் கொதிக்கவிட்டேன். கெட்டியானது. நிறமும் நல்ல பொன்னிறம். வீடு முழுக்க அப்படி ஒரு வாசனை. மாடி வீட்டுக்காரர் படியில் இறங்கும்போது நின்று, "என்ன, மாம்பழமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆறிய பிறகு ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தேன். இனிப்பு இருந்தது. கொஞ்சம் புளிப்பும் இருந்தது. மாம்பழம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் பூசணி அல்வா என்றுகூடச் சொல்லிவிடலாம். பெரியம்மாவிடம் போனில் புலம்பினேன். "கொதிக்கவெச்சா வாசம் நிக்குமா கண்ணு? வாசத்த ஊருக்கெல்லாம் குடுத்துட்டு, சக்கைய பாட்டில்ல அடைச்சு வெச்சிருக்க" என்றார்.

அவர் சொன்னதில் வேதியியல் அப்படியே இருக்கிறது. மாம்பழத்தின் இனிப்பு சர்க்கரையிலிருந்து வருகிறது, அது எங்கேயும் போகாது. மஞ்சள் நிறம் கரோட்டினால் வருவது, அதுவும் சூட்டை ஓரளவு தாங்கும். ஆனால் 'மாம்பழம்' என்று நாம் உணர்வது பெரும்பாலும் மூக்கில். டெர்பீன் வகையைச் சேர்ந்த பொருள்கள், லாக்டோன்கள் என்று எளிதில் ஆவியாகிறவை பல சேர்ந்த கூட்டணி அது. வீடு மணக்கிறது என்றால் பாத்திரத்திலிருந்து வெளியேறுகிறது என்று அர்த்தம். சமையலறை எவ்வளவு மணக்கிறதோ, சாஸ் அவ்வளவு இழந்திருக்கிறது.

அப்படியானால் அடுப்பே வேண்டாமா? பச்சையாகவே அரைத்து வடிகட்டி வைத்துக்கொள்ளலாமே? செய்யலாம், தப்பில்லை. பழத்தை அடித்து, சல்லடையில் வடித்து, எலுமிச்சை பிழிந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்தது. பிரெஞ்சுச் சமையலில் இதற்குக் 'கூலீ' என்று பெயர்; வழிந்தோடுவது என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. (தமிழ்க் காதுக்கு இந்தப் பெயர் தரும் அர்த்தமே வேறு, வடிகட்டி முடிப்பதற்குள் கை வலிப்பதைப் பார்த்தால் பொருத்தமான பெயர்தான்.) இதில் எனக்கு ஒரு குறை. ஒரே வகைப் பழத்தில் பச்சையாகச் செய்தது கொஞ்ச நேரத்தில் தட்டில் நீர் விட்டுக்கொள்ளும். வெறும் மாம்பழச் சாறு மாதிரி இருக்கும், சாஸ் மாதிரி நிற்காது. மினுமினுப்பும் இராது.

எனக்கு வழி கிடைத்தது அந்தப் பெட்டியின் ஓரத்தில் கிடந்த கிளிமூக்கில்.

சாஸ் என்றால் எந்தப் பழம் என்று பழக்கடையில் கேட்டுப் பாருங்கள், உடனே மல்கோவா என்பார்கள், இல்லை இமாம் பசந்த் என்பார்கள். விலை கூடின பழம் என்றால் எல்லாவற்றுக்கும் நல்லது என்ற நினைப்பு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இமாம் பசந்தை அரைப்பது பாவம். அந்தப் பழத்தின் பெருமையே வாயில் அது கரைகிற விதத்தில் இருக்கிறது. மிக்ஸி அதைத்தான் முதலில் கொல்லும். துண்டு போட்டுத் தட்டில் வைத்துச் சாப்பிடுங்கள், கொட்டையை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

சாஸுக்கு மூன்று வேலைகள் நடக்க வேண்டும். உடம்பு வேண்டும், மணம் வேண்டும், புளிப்பு வேண்டும். மூன்றையும் ஒரே பழத்தில் தேடினால் ஏமாற்றம்தான். உடம்புக்குப் பங்கனபள்ளியைப் போல வேறில்லை. நார் கிடையாது, சதை நிறைய, அரைத்தால் வெண்ணெய் மாதிரி இறங்கும். ஆந்திராவில் பனகானபள்ளி என்ற ஊரின் பெயரைத் தாங்கி வருகிற இந்தப் பழம் 2017-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஆனால் மணத்தில் அடக்கமான பழம், ரொம்ப மரியாதைக்காரப் பழம். பக்கத்தில் செந்தூராவை வையுங்கள், வித்தியாசம் தெரியும். காம்புப் பக்கம் குங்குமம் தடவின மாதிரி சிவந்திருக்கும் சின்னப் பழம். கொஞ்சம் நார், கொஞ்சம் புளிப்பு, மூக்கைத் துளைக்கிற மணம். ஜூன் கடைசியில் செந்தூரா கிடைக்காது, அப்போது நீலம். வாசனையில் நீலம் செந்தூராவுக்குச் சளைத்ததில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: நீலத்தை வெட்டும்போது கொட்டையையும் பாருங்கள். கொட்டை வண்டுக்கு ரொம்பப் பிடித்த ரகம் அது. வெளியே ஒரு ஓட்டைகூட இல்லாத பழத்துக்குள்ளிருந்து கறுப்பு வண்டு ஒன்று நிதானமாக நடந்து வரும். சின்ன வயதில் எங்களுக்கு அது விளையாட்டு. இப்போது விருந்தாளி முன்னால் வெட்டுவதில்லை.

மூன்றாவது, புளிப்பு. கிளிமூக்கை முழுக்கப் பழுக்கவிடாமல், உள்ளே லேசாக மஞ்சள் ஓடின பதத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். கடற்கரையில் பூ மாதிரி கீறி மிளகாய்த்தூள் தடவிக் கொடுக்கிறார்களே, அதே காய்தான். அதில் அமிலம் இருக்கிறது, கூடவே பெக்டினும் இருக்கிறது. ஜாமை உறைய வைக்கிற சமாசாரம் அது. பழுக்கப் பழுக்க உடைந்து குறைந்துகொண்டே போகும். அதனால்தான் கனிந்த பழத்தை மட்டும் போட்டு எவ்வளவு காய்ச்சினாலும் நீர் வற்றிக் கெட்டியாகுமே தவிர, பளபளப்பாகச் சேர்ந்து நிற்காது. ரெண்டு விரல் அகலம் கிளிமூக்குத் துண்டு அந்த வேலையைச் செய்துவிடும். கார்ன்ஃப்ளார் கரைத்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பேக்கரியில் அதுதான் வழக்கம் என்பார்கள். எனக்குப் பிடிக்காது, மாவு நாக்கின் மேல் ஒரு போர்வை போர்த்திவிடுகிறது.

இப்போது கணக்கு. தோல், கொட்டை போக ஒரு கிலோ பழத்தில் சுமாராக 600 கிராம் சதை தேறும். ரெண்டு நடுத்தரப் பங்கனபள்ளி, ரெண்டு செந்தூரா, ஒரு துண்டு கிளிமூக்கு சேர்த்தால் அந்த அளவு வந்துவிடும். சர்க்கரை மூன்று மேசைக்கரண்டி, அதையும் பழத்தின் இனிப்பைப் பார்த்துத்தான். எலுமிச்சை ஒரு மூடி. உப்பு ஒரு சிட்டிகை. இதற்கு மேல் எதுவும் இல்லை.

பழத்தை முதலில் அரைமணி நேரம் தண்ணீரில் போட்டு வையுங்கள். சூடு தணியும் என்று பாட்டிமார் சொல்வார்கள். அதை விடுங்கள், காம்பில் ஒட்டியிருக்கிற பால் கழுவிப் போகும். மாமரம் முந்திரியின் சொந்தக்காரி. அந்தப் பால் உதட்டில் பட்டால் சிலருக்குப் புண்ணே வந்துவிடும். காம்புப் பக்கம் கொஞ்சம் ஆழமாகவே சீவி எறிந்துவிடலாம், மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வெட்டுவதற்கு எவர்சில்வர் கத்தி. இரும்பு அருவாமனையில் அரிந்த மாங்காய் கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதை இரும்புக் கடாயிலும் நடக்கும். சாஸுக்கு அடிகனமான எவர்சில்வர் பாத்திரமே சரி.

சதையை எடுத்த பிறகு கொட்டை. எங்கள் வீட்டில் கொட்டைக்கு அடிதடியே நடக்கும். 'அரிகிறவளுக்குக் கொட்டை' என்று அம்மா காலத்திலேயே சட்டம் போட்டாயிற்று. ஆனால் சாஸ் நாளில் கொட்டை யாருக்கும் இல்லை. ஒரு கிண்ணத்தில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, கொட்டைகளையும் தோலின் உள்பக்கத்தையும் அதிலே போட்டுக் கையால் பிசைய வேண்டும். ரெண்டே நிமிஷத்தில் தண்ணீர் மஞ்சளாகக் குழைந்துவிடும். கொட்டையைச் சுற்றிய சதையில்தான் வாசம் தூக்கல் என்பது பெரியம்மாவின் கட்சி. எனக்கும் அப்படித்தான் படுகிறது. காய்ச்சுவதற்கு வேண்டிய தண்ணீர் இதுதான். வெறும் தண்ணீரை ஊற்றிப் பழத்தை நீர்க்கடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கிளிமூக்கைத் துருவிக்கொள்ளுங்கள். துருவல், சர்க்கரை, கொட்டை பிசைந்த தண்ணீர், மொத்தச் சதையில் மூன்றில் ஒரு பங்கு. இவ்வளவும் சிறு தீயில். மீதி ரெண்டு பங்கு சதை பச்சையாக ஃப்ரிட்ஜில் காத்திருக்கட்டும். முதல் ரெண்டு நிமிஷம் ஒன்றும் நடக்காது. பிறகு ஓரத்தில் சின்னச் சின்ன நுரை. அப்புறம் நடுவில் ஒரு பெரிய கொப்புளம் மெதுவாக எழும், வெடிக்கும், 'பொளக்' என்று ஒரு சொட்டு பாத்திரத்துக்கு வெளியே பறக்கும். என் இடது மணிக்கட்டில் இன்னும் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது, சாட்சியாக. நீளக் கரண்டி எடுங்கள், தீயைக் குறையுங்கள், விடாமல் கிளறுங்கள்.

ஆறேழு நிமிஷத்தில் துருவல் வெந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கரண்டியை எடுத்துத் திருப்பி, அதன் முதுகில் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு அப்படியே நின்றால் அடுப்பை அணைத்துவிடலாம். இன்னும் கொஞ்சம் கெட்டியானால் தேவலை என்று தோன்றும், அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். ஆறினால் தானாகவே இறுகும்.

அவசரப்படக் கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது ஆறவைப்பதுதான். சூட்டோடு பச்சைச் சதையைக் கலந்தால் முதல் தடவை நான் செய்ததையே வேறு வழியில் செய்ததாகிவிடும். பாத்திரத்தைத் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். பிறகு மிக்ஸியில் காய்ச்சினதை முதலில் அரைத்து, பச்சைச் சதையைச் சேர்த்து, எலுமிச்சையும் உப்பும் போட்டு, விட்டு விட்டு நாலு சுற்று. ஒரேயடியாக ஓடவிட்டால் காற்று ஏறி நுரைத்து நிறம் வெளுத்துப்போகும். காற்றுப் பட்டால் சீக்கிரம் கறுக்கவும் செய்யும். எலுமிச்சை அந்தக் கறுப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். கடைசியாக ஜூஸ் வடிகட்டியில் ஊற்றிக் கரண்டி முதுகால் தேய்த்து இறக்குங்கள். செந்தூராவின் நார் மேலே தங்கிவிடும்.

உப்பு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உப்பில்லாமல் ஒரு ஸ்பூன், உப்புப் போட்டு ஒரு ஸ்பூன் சாப்பிட்டுப் பாருங்கள். உப்புக் கரிக்காது, மாம்பழம் ஒரு அடி முன்னால் வந்து நிற்கும். சாஸ் என்ற சொல்லே லத்தீனில் 'உப்பிட்டது' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து பிறந்ததுதான். மேங்கோ என்ற சொல்லோ நம் பக்கத்து மாங்காய், மலையாளத்து மாங்ஙா வழியாகப் போர்ச்சுகீசியரிடம் 'மாங்கா' ஆகி உலகம் சுற்றியது. ஆக, மேங்கோ சாஸ் என்று இங்கிலீஷில் எழுதினாலும் பாதி நம் வீட்டுச் சொல்.

நமக்கு இந்தப் பண்டம் புதுசும் இல்லை. சித்திரை முதல் நாள் செய்கிற மாங்காய்ப் பச்சடி என்னவாம்? புளிப்புக் காய், வெல்லம், உப்பு, மிளகாய், மேலே வறுத்த வேப்பம்பூ. அச்சு அசல் சாஸ்தான். வெல்லம் போட்டதால் நிறம் பழுப்பு, அவ்வளவுதான். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் ஆம்ரஸ் என்று கிண்ணம் நிறைய ஊற்றி, நெய் ஒரு சொட்டும் சுக்குப் பொடி ஒரு சிட்டிகையும் போட்டுப் பூரியைத் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். அங்கே அடுப்பு என்ற பேச்சே கிடையாது. சுக்கு சேர்ப்பது எனக்குப் பிடித்த யோசனை. ஏலக்காய் வேண்டாம். ஏலக்காய் போட்ட எதுவும் ஏலக்காயாகிவிடும், மாம்பழம் பின் வரிசைக்குப் போய்விடும்.

சரி, கடையில் விற்கிற பாட்டிலில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் கிளிமூக்குத்தான். வியாபாரப் பேரில் தோத்தாபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பெங்களூரா. கிருஷ்ணகிரியிலும் எல்லை தாண்டிச் சித்தூரிலும் கூழ் ஆலைகள் நிறைய. சீசனில் அந்தச் சாலைகளில் போனால் டிராக்டர் டிராக்டராக நிற்கும். காயைக் கொண்டுவந்து பழுக்கவைத்து, கழுவி, கொட்டை நீக்கி, சல்லடை வழியாக அழுத்திக் கூழாக்கி, 90 டிகிரிக்கு மேல் சூடு காட்டி, 200 கிலோவுக்கு மேல் பிடிக்கும் டிரம்மில் காற்றுப் புகாமல் அடைக்கிறார்கள். கூழின் இனிப்பை பிரிக்ஸ் என்ற அளவில் பேசுவார்கள். தோத்தாபுரி என்றால் 14, அல்போன்சா என்றால் 16 என்பது வியாபாரத்தில் பழகின கணக்கு. தோத்தாபுரியில் சதை அதிகம், தோல் கனம், வண்டியில் ஏற்றி இறக்கினால் நசுங்காது, விலையும் குறைவு. டப்பாவில் வருகிற மாம்பழ பானங்களுக்கு அடித்தளமே அதுதான்.

விலை குறைவு என்று ஒரு சொல்லில் கடந்துபோக முடியாது. 2025 சீசனில் தோத்தாபுரி விலை தரைக்கு வந்து, சித்தூர்ப் பக்கம் விவசாயிகள் பழத்தைச் சாலையில் கொட்டினார்கள். ஆந்திர அரசு கிலோவுக்கு 4 ரூபாய் மானியம் அறிவிக்க வேண்டி வந்தது. அதே நாட்களில் நகரத்து சூப்பர் மார்க்கெட்டில் உள்ளங்கை அகலப் பாட்டில் சாஸ் என்ன விலைக்கு விற்றது என்று நான் பார்த்தேன். எழுத மனசு வரவில்லை.

ஆலைக்காரர்கள் கொதிக்கவைப்பதைக் குறை சொல்வதற்கில்லை. அது ஒரு வருஷம் அலமாரியில் இருக்க வேண்டும். நம் சாஸ் இருக்க வேண்டியது நாலு நாள். இதில் மூன்றில் ரெண்டு பங்கு பச்சைப் பழம், ஆகவே ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைக்கவே கூடாது. நன்றாகக் கனிந்த மாம்பழத்தில் அமிலம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. பிஹெச் 4.6-க்கு மேல் போனால் மூடின பாட்டிலுக்குள் ஆபத்தான கிருமி வளர இடம் உண்டு. யூடியூபில் யாரோ சொன்னார்கள் என்று வீட்டில் செய்த பாட்டிலை ஆறு மாசம் சமையலறை மேடையில் வைக்கிற வேலை வேண்டாம். நிறைய இருந்தால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளை ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரீசரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆடி மாசம் ஒரு கட்டி எடுத்துத் தயிரில் போட்டால் மே மாசம் திரும்பி வரும். ஈரக் கரண்டி மட்டும் ஆகாது. ஊறுகாய்க்குச் சொன்ன சட்டம் இதற்கும்தான்.

பழம் வாங்கும்போது ஒன்று. வெளியே ஒரே சீராக மஞ்சள், உள்ளே வெட்டினால் வெள்ளையாக, வாசனையே இல்லாமல் இருந்தால் அவசரப்படுத்திப் பழுக்கவைத்த பழம். கார்பைடு கல்லுக்குச் சட்டப்படித் தடை. அதில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்படம் இருக்க வாய்ப்பு உண்டு. அளவோடு எத்திலீன் வாயு விட்டுப் பழுக்கவைக்க அனுமதி இருக்கிறது. கடைக்காரர் எதை உபயோகித்தார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் காம்புப் பக்கம் மூக்கை வைத்தால் தெரியும்: மணக்காத பழம் சாஸிலும் மணக்காது. அதேபோல, பழுக்காத காயை ஃப்ரிட்ஜில் வைத்துவிடாதீர்கள். குளிரில் அதன் பழுக்கிற வேலை கெட்டுப்போகும். பிறகு வெளியே எடுத்து எத்தனை நாள் காத்திருந்தாலும் ஒழுங்காகப் பழுக்காது.

சாயங்காலம் ஆறரைக்கு மேல் மார்க்கெட்டுக்குப் போனால் அடிபட்ட பழங்களைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் நசுங்கியிருக்கும், தோல் சுருங்கியிருக்கும். தட்டில் வைக்கத்தான் அழகில்லை. அழுகலை மட்டும் ஆழமாக வெட்டி எறிந்துவிட்டால் சாஸுக்கு அதைவிடப் பொருத்தமான பழம் கிடையாது. கூட்டத்தில் செந்தூரா ரெண்டு கலந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். புளித்த வாடை அடித்தால் கூறையே விட்டுவிடுங்கள்.

எதோடு சாப்பிடுவது? வெனிலா ஐஸ்கிரீம் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் மறுக்கமாட்டேன். ஆனால் எனக்கு உசத்தி, துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த தயிர். தயிர்சாதத்துக்கு மாம்பழத் துண்டு என்பது நம் ஊரில் காலகாலமாக இருக்கிற ஜோடி. அதே உறவுதான் இது, உடை மட்டும் வேறு. ஆப்பத்தின் நடுக்குழியில் ரெண்டு ஸ்பூன் விட்டுப் பாருங்கள். தேங்காய்ப்பால் ஓரத்தில், மாம்பழம் நடுவில். ரவா கேசரிக்கு மேலே ஊற்றினார் என் மைத்துனர் ஒருவர். இனிப்பின் மேல் இனிப்பு, எனக்குத் திகட்டியது. காரத்துக்கு வேண்டுமானால் காய்ச்சும்போதே ரெண்டு பச்சைமிளகாயைக் கீறிப் போட்டு, ஒரு துண்டு இஞ்சியும் தட்டிப் போட்டுவிடுங்கள், வடிகட்டும்போது தங்கிவிடும். வறுத்த வஞ்சிரத்துக்கு அது நல்ல துணை. எங்கள் வீட்டில் பாதிப் பேர் சைவம் என்பதால் அது பக்கத்து அடுப்பில் தனியாக நடக்கும்.

ரெண்டாவது தடவை செய்தபோது பெரியம்மாவே இங்கே வந்திருந்தார். சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, நான் காய்ச்சுவதை ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மாடி வீட்டுக்காரர் அன்றைக்கும் படியில் இறங்கினார், நிற்காமல் போய்விட்டார். பாட்டிலில் ஊற்றி மூடியதும் ஒரு ஸ்பூன் எடுத்துக் கொடுத்தேன். நாக்கில் வைத்து ஒரு நிமிஷம் யோசித்தவர், "செந்தூரா ரெண்டு போட்டியா?" என்றார்.

"ரெண்டு, பெரியம்மா."

"மூணு போட்டிருக்கலாம்" என்று எழுந்தார். கழுவப் போட்டிருந்த மிக்ஸி ஜாரைத் தொட்டியிலிருந்து எடுத்தார். ஃப்ரிட்ஜைத் திறந்து, காய்ச்சி ஆறின பாலில் அரை டம்ளர் அதில் ஊற்றி, மூடியைப் போட்டு நாலு குலுக்குக் குலுக்கினார். பிளேடுக்கு அடியில் ஒட்டியிருந்ததெல்லாம் கரைந்து பால் இளமஞ்சளாக வந்தது. ரெண்டு டம்ளரில் சரிபாதியாக ஊற்றி ஒன்றை என் பக்கம் தள்ளினார். "பசங்க ஸ்கூல்ல இருந்து வர்றதுக்குள்ள குடி."